புல்தரை சின்னதா? கையால் தள்ளும் மெஷினே போதும்

அமெரிக்கா போன்ற நாடுகளில் தனி வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியேறும்போது, வீட்டின் முன்னும் பின்னும் இருக்கும் புல்லை யார் வெட்டுவது என்ற கேள்வி கூடவே வரும். வாடகை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இதற்கென்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள். பொறுப்பு உங்களுடையது என்றிருந்தால் அப்படியே விட்டுவிட முடியாது. புல் இவ்வளவு உயரத்தைத் தாண்டக் கூடாது என்று பல நகராட்சிகள் விதி வைத்திருக்கின்றன. ஓரிடத்தில் 8 அங்குலம், இன்னோரிடத்தில் 12 அங்குலம் என்று அது மாறும். மீறினால் முதலில் கடிதம் வரும். அதற்கும் அசையாவிட்டால் நகராட்சியே ஆள் அனுப்பி வெட்டிவிட்டுச் செலவை வசூலிக்கும் ஊர்களும் உண்டு.

இதைக் கேட்டதும் பெட்ரோல் மெஷின் வாங்க ஓட வேண்டாம். புல்தரை சுமார் 2,000 சதுர அடிக்குள், ஓரளவு சமதளமாக இருந்தால் கையால் தள்ளும் மெஷினைத்தான் நான் சொல்வேன். பெட்ரோல், பேட்டரி, வயர் எதுவும் தேவையில்லை. சுவரோரமாக நிறுத்திக்கொள்ளலாம். சத்தம் மிகக் குறைவு என்பதால் பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கினாலும் வெட்டலாம். இன்ஜின் மெஷினை இத்தனை மணிக்குள்தான் ஓட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு பல இடங்களில் உண்டு. அதுவும் உங்களுக்குப் பிரச்சினையாகாது. ஆனால் வளரும் காலத்தில் வாரம் தவறாமல் வெட்டுவதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். மூன்று வாரம் விட்டுவிட்டால் இந்த மெஷினால் ஒன்றும் செய்ய முடியாது.

காரணம் அது வெட்டும் முறையில் இருக்கிறது. பெட்ரோல் மெஷினின் பிளேடு தரைக்கு இணையாக மிக வேகமாகச் சுழன்று புல்லை அடித்து அறுக்கிறது. கையால் தள்ளுவதில் ஐந்து முதல் ஏழு சுருள் கத்திகள் ஓர் உருளைபோல அமைந்திருக்கும். சக்கரம் உருள உருள அவை சுழன்று, கீழே அசையாமல் இருக்கும் ஓர் அடிக்கத்தியை உரசிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் சிக்கும் புல் கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல நறுக்கென்று வெட்டுப்படும். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830-இல் காப்புரிமை பெற்ற மெஷின் இது. கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக வெட்டும் ஆலை இயந்திரத்திலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை கிடைத்தது. வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. வெட்டு சுத்தமாக விழுவதால் புல்லின் நுனி கிழிந்து பழுப்பேறுவதும் குறைவு. ஆனால் புல் உயரமாக வளர்ந்துவிட்டால் கத்திக்குள் வராமல் முன்னால் சாய்ந்து மடங்கிவிடும். மெஷின் அதன்மேல் உருண்டு போகும், நீங்கள் திரும்பிப் பார்த்தால் புல் எழுந்து நிற்கும்.

வாங்கும்போது வெட்டும் அகலத்தைக் கவனியுங்கள். 14 முதல் 20 அங்குலம் வரை கிடைக்கும். மேடு பள்ளமான, குறுகிய இடத்துக்குச் சிறியது நல்லது. அகலமானதைத் தள்ள அதிக பலம் வேண்டும். வெட்டும் உயரத்தை எவ்வளவு ஏற்ற முடியும் என்றும் பாருங்கள், இதைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்நாட்டுப் புல் வகைகளுக்கு இரண்டரை, மூன்று அங்குலம் தேவைப்படும். சில மெஷின்களை இரண்டுக்கு மேல் ஏற்றவே முடியாது. பழையது மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் போய்ப் பாருங்கள், நன்றாகச் செய்த மெஷின் பல ஆண்டுகள் உழைக்கும். மேல் துரு பரவாயில்லை. கத்தி விளிம்பில் பெரிய பள்ளம் இருந்தாலோ, உருளையைப் பிடித்து ஆட்டும்போது அது லொடலொடவென்று ஆடினாலோ வேண்டாம்.

இனி அடிக்கத்தியைச் சரிசெய்வது. “இந்த மெஷின் சரியாக வெட்டுவதில்லை” என்று சொல்லி மூலையில் போட்டவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்து பார்க்காதவர்களாகத்தான் இருப்பார்கள். அடிக்கத்தியின் இரு முனைகளிலும் ஸ்க்ரூக்கள் இருக்கும். பெரும்பாலான மெஷின்களில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு: ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் அடிக்கத்தி சுருள் கத்தியை நோக்கி ஒரு மயிரிழை நகரும். கனமான கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் ஒரு கீற்றைக் கிழித்து இரு கத்திகளுக்கும் நடுவில் நீட்டி, உருளையை மெதுவாகத் திருப்புங்கள். விரல் கத்தியின் பாதையில் இருக்கவே கூடாது. காகிதம் சுத்தமாக வெட்டுப்பட்டால் சரி, மடங்கி உள்ளே போனால் இடைவெளி அதிகம். இடது முனை, நடு, வலது முனை என்று மூன்று இடத்திலும் பாருங்கள். ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் மடங்கினால் மடங்கும் பக்கத்து ஸ்க்ரூவை மட்டும் தொடுங்கள், அதுவும் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சரியாக அமைந்ததும் உருளையைச் சுற்றினால் ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய உரசல் கேட்கும். கரகரவென்று சத்தம் வந்து, சுற்றவே கஷ்டமாக இருந்தால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். தள்ளும்போது மூச்சு வாங்கும், கத்தியும் சீக்கிரம் தேயும். கத்திகள் ஒன்றையொன்று தொடாத மாடல்களும் உண்டு. அவற்றுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கூடவே வரும் கையேட்டில் இருக்கும்.

வெட்டும் முன் தரையில் ஒரு சுற்று நடந்து குச்சி, கல், விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். பென்சில் அளவு குச்சி கூட உருளையை அப்படியே நிறுத்திவிடும். அப்படிச் சிக்கினால் மெஷினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள், பல சமயம் விழுந்துவிடும். விழாவிட்டால் ஒரு கட்டையால் தள்ளி எடுங்கள், விரலை விடாதீர்கள். இன்ஜின் இல்லைதானே என்ற அலட்சியம் வேண்டாம். அழுத்தத்தில் நின்ற உருளை, தடை நீங்கியதும் சட்டென்று திரும்பும். சின்னக் குழந்தைகளை அந்த நேரம் வீட்டுக்குள் இருக்கச் சொல்வதுதான் பாதுகாப்பு.

புல் காய்ந்திருக்கும்போது வெட்டுங்கள். காலைப் பனி போன பிறகு, அல்லது சாயங்காலம். ஈரப்புல் கத்தியில் ஒட்டும், சக்கரமும் வழுக்கும். நிற்காமல் ஒரே வேகத்தில் நடப்பதுதான் முக்கியம், ஏனென்றால் உங்கள் நடைதான் உருளையின் வேகம். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின்மேல் இரண்டு மூன்று அங்குலம் ஏறிப் போகட்டும். இந்த வாரம் நீளவாக்கில் என்றால் அடுத்த வாரம் குறுக்குவாக்கில் வெட்டுங்கள். ஒரே பக்கம் சாய்ந்து பழகிய புல்லும் அப்போது அகப்படும்.

ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்று அங்குலத்தில் வைத்திருக்க வேண்டுமானால் நாலரை அங்குலம் ஆவதற்குள் வெட்டிவிட வேண்டும். ஒட்ட வெட்டினால் இரண்டு வாரம் நிம்மதி என்று தோன்றும். ஆனால் வேர் பலவீனமாகும், வெயில் தரையில் பட்டுக் களை முளைக்கும். வசந்தத்தில் வாரம் இருமுறை கூட வெட்ட வேண்டி வரலாம். கடும் கோடையில் குளிர்நாட்டுப் புல் பழுப்பாகி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். பெரும்பாலும் அது செத்துப்போயிருக்காது, மழை வந்ததும் மீண்டுவிடும். அந்த நாட்களில் மெஷினை வெளியே எடுக்க வேண்டாம்.

வெட்டி விழும் துணுக்குகளை அள்ளிக் குப்பையில் போடாதீர்கள். சின்னதாக இருப்பதால் சில நாட்களில் மக்கி, அதிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்கே திரும்பும். உரச் செலவு குறையும். திட்டுத் திட்டாகக் கிடந்தால் மட்டும் வாரியால் பரப்பிவிடுங்கள்.

நீங்கள் குடிபோகும்போதே புல் முழங்கால் உயரம் இருந்தால் முதல் வெட்டுக்குக் கைமெஷினை நம்ப வேண்டாம். இன்ஜின் மெஷினை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோ, பக்கத்து வீட்டாரிடம் கேட்டோ, சில நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். பேச்சுக்கொடுக்க அதுவும் ஒரு வாய்ப்பு. கேட்டால் பலர் சந்தோஷமாகவே உதவுவார்கள். சுவரோரத்திலும் வேலியோரத்திலும் சக்கரத்தின் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுப்படாமல் நிற்கும். அதற்குப் புல் வெட்டும் கத்தரி ஒன்று தேவை. விறைப்பான தண்டுள்ள களைகளையும் இந்த மெஷின் விட்டுவிட்டுப் போகும், அவற்றைக் கையால் பிடுங்குவதே நல்லது.

முடித்ததும் கத்தியில் ஒட்டியதைப் பிரஷ்ஷால் தட்டி, துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். ஓரிரு ஆண்டு கழித்து, எவ்வளவு சரிசெய்தாலும் காகிதம் வெட்டுப்படவில்லை என்றால் சாணை தேவை. இதற்கென்று விற்கும் அரைப்புப் பசையைக் கத்தி விளிம்பில் தடவி, கூடவே வரும் கைப்பிடியால் உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால் இரு கத்தியும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும். பிறகு பசையைத் துளி மிச்சமில்லாமல் கழுவித் துடைத்துவிட்டு, காகிதம் வைத்து மறுபடி பாருங்கள்.