உங்கள் புத்தகம் நூலகத்தில் யாருக்கும் கிடைக்காமல் போக சில வழிகள்

புதிதாகப் புத்தகம் போட்ட நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு பிரதியைக் கொடுத்து, "நூலகங்களுக்கு அனுப்பலாம்தானே?" என்றார். அட்டை பிரமாதம். உள்ளே இரண்டு தாள் புரட்டியதும் வயிற்றைக் கலக்கியது. நான் பண்ணிய அதே தவறு. எழுத்துப்பிழை, மங்கலான அச்சு இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

அட்டையில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

நூலகத்தின் நூற்பட்டியலில் பதிகிறவர் அட்டையை வைத்துப் பதிவதில்லை. தலைப்புப் பக்கமும் அதன் பின்பக்கத்துப் பதிப்பு விவரமும்தான் அவருக்கு ஆதாரம். என் முதல் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, தலைப்பு நீளமாக இருக்கிறதே என்று அட்டையில் மட்டும் முதல் இரண்டு சொற்களை வெட்டச் சொன்னேன். உள்பக்கத்தின் நினைப்பே வரவில்லை. ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கும்போது கொடுத்ததோ அதற்கும் முந்தைய தலைப்பு. போதாததற்கு அட்டையில் இனிஷியல், உள்ளே அப்பா பெயர் முழுதாக.

நூலகம் உள்பக்கத்தில் இருந்ததைப் பதிந்தது, அவர்கள்மேல் குற்றமே இல்லை. அட்டைத் தலைப்பைத் தேடி வந்தவர்கள் 'இல்லை' என்ற பதிலோடு திரும்பினார்கள், புத்தகமோ பத்தடி தள்ளி அலமாரியில். கவனமான நூலகர் அட்டைத் தலைப்பையும் மாற்றுத் தலைப்பாகச் சேர்ப்பார்தான், எல்லோருக்கும் அதற்கு நேரம் இருக்காது. அப்புறம் இன்னொன்று: ஒரு நூலகம் போட்ட பதிவை மற்றவர்கள் நகலெடுத்துக்கொள்வது வழக்கம், 1960களில் நூற்பட்டியல் விவரங்களைக் கணினியில் பதிய மார்க் என்ற பொது வடிவம் வந்தபின் அது இன்னும் சுலபமாகிவிட்டது, அதனால் என் தப்பும் சுலபமாக ஊர் சுற்றியது. ஒவ்வொரு நூலகத்துக்கும் தனித்தனியாக எழுதித் திருத்தச் சொன்னேன். சிலர் திருத்தினார்கள். ஒரு நூலகத்தில் இன்றைக்கும் நான் இரண்டு எழுத்தாளர்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், ஐஎஸ்பிஎன் விண்ணப்பம் நான்கையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

எல்லாவற்றுக்கும் ஒரே ஐஎஸ்பிஎன்

2007 முதல் இது 13 இலக்க எண். சாதா அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். இல்லையென்றால் கெட்டி அட்டை கேட்ட நூலகத்துக்குச் சாதா அட்டை போய்ச் சேரும், வந்த வழியே திரும்பியும் வரும். மாற்றம் எதுவும் செய்யாமல் மறு அச்சுப் போட்டால் பழைய எண்ணே போதும்.

புத்தகம் வந்தபின் முன்வெளியீட்டு நூற்பட்டியல் விவரம் கேட்பது

அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 1971இல் தொடங்கிய முன்வெளியீட்டு நூற்பட்டியல் திட்டம், அதாவது நூற்பட்டியல் விவரத்தை முன்கூட்டியே தயாரித்துத் தருவது, பெயருக்கேற்ப வெளியீட்டுக்கு முன்னால்தான். அச்சான புத்தகத்தோடு போனால் கதவு மூடியிருக்கும்.

முதுகின் அடியில் எழுத்தாளர் பெயர்

அலமாரியில் இடம் காட்டும் எண் எழுதிய நூலகச் சீட்டை ஒட்டுவது பெரும்பாலும் அங்கேதான். மேலே ஏற்றுங்கள்.

கேட்காமல் அனுப்பும் இலவசப் பிரதி

அலமாரிக்குப் போகும் என்று உறுதியில்லை. பழைய புத்தக விற்பனை மேசைக்கும் போகலாம்.

கோடிட்ட இடத்தை நிரப்புக

வாசகர் எழுத உள்ளே இடம் விட்டிருந்தால், முதல் வாசகர் பேனாவை எடுத்ததும் அந்தப் பிரதி முடிந்தது.