மழை மாவட்டத்தில் மரச்சாமான்: குமரியில் புதிதாகக் குடியேறுவோருக்கு

வளைகுடாவிலோ மலேசியாவிலோ பல வருடம் இருந்துவிட்டு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறீர்களா? வந்த மாதமே கட்டிலும் அலமாரியும் புதிதாக வாங்கிக் குவிக்க வேண்டாம். இங்கே ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை. ஆக ஏழு மாதம் காற்றில் ஈரம் இருக்கும். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை அலமாரி, தரை துடைக்கும் தண்ணீரைக் காலடியில் உறிஞ்சி உப்பிவிடும். உப்பிய இடத்தில் திருகாணி பிடிக்காது, அப்புறம் குப்பைதான்.

மலிவும் உறுதியும் சேர்ந்து வேண்டுமென்றால் பழைய மரத்தைத் தேடுங்கள். ஓட்டு வீடுகளை இடிக்கும்போது தேக்கு, அயனி, பிலா மரத்தில் செய்த கதவு, நிலை, உத்திரம், சில நேரம் நெல் கொட்டிவைக்கும் முழுப் பத்தாயமே பழைய மரச்சாமான் கடைக்கு வந்து சேரும். பல வருடம் காய்ந்த மரம் பச்சை மரம்போல வளைந்து வெடிக்காது. புதிதாக ஒரு மரத்தை வெட்டவும் வேண்டியதில்லை.

வாங்குமுன் தரையில் ஒரு காகிதத்தை விரித்து, சாமானை அதன்மேல் வைத்து, சுத்தியல் பிடியால் தட்டுங்கள். மாவுபோலத் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். வண்டு முதலில் தின்பது மரத்தின் ஓரத்தில் வெளுத்துத் தெரியும் 'வெள்ளை'யைத்தான், ஆகவே வெள்ளை குறைந்த பலகையாகப் பாருங்கள். காலின் அடியையும் பின்பலகையையும் கூரான ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். பொதபொதவென்று இறங்கினால் கறையான் அரித்திருக்கும், அல்லது உளுத்திருக்கும். உத்திரத்தை மில்லில் அறுக்கக் கொடுப்பதாக இருந்தால் ஆணி ஒன்றுவிடாமல் பிடுங்குங்கள். ஒளிந்திருக்கும் ஒரு ஆணி போதும், வாள் பல் போய்விடும்.

ஆசாரியிடம் கூலி பேசுமுன் கன அடிக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. தடிமனையும் அகலத்தையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் எடுத்துப் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். ஒன்றரை அங்குலத் தடிமன், 6 அங்குல அகலம், ஆறேகால் அடி நீளமுள்ள கட்டில் சட்டம் ஒன்று 0.39 கன அடி வரும். அறுப்பில் போகும் சேதாரம் யார் கணக்கில் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

புதிய மரம்தான் வேண்டுமென்றால் ரப்பர் மரம் பார்க்கலாம். பால் வற்றி, மறுநடவுக்காக எப்படியும் வெட்டும் மரம் அது. ஆனால் வெட்டிய சில நாளிலேயே போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றி உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலமாகும், வண்டும் விழும். மருந்து ஏற்றியதா என்று கடையில் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த மருந்து தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் குளியலறைப் பக்கமோ திறந்த வராந்தாவிலோ ரப்பர் மரச்சாமானைப் போடாதீர்கள்.

ஓட்டுக் கூரையின் கழிக்கோலுக்குப் பூசும் அண்டி எண்ணெயை, அதாவது முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை, கட்டில் கால் அடியில் மட்டும் தடவலாம். கையில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், கையுறை கட்டாயம். வீட்டுக்குள் மற்ற இடத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போதும்: மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மொத்தம் மூன்று தடவை. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயப்போடுங்கள். இந்த வேலைக்கு ஜனவரி முதல் மே வரைதான் தோது.

படுக்கைக்குப் பனைநார்க் கட்டிலும் பாயும் போதும். நார் தளர்ந்தால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இரும்புக் கட்டில் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். மரச்சாமானுக்கும் பித்தளைத் திருகாணியே போடச் சொல்லுங்கள்.

அலங்காரத்துக்கு மண்பானை, தாழம்பாய், கைத்தறித் துணி எல்லாம் அழகு. பவளத் துண்டும் கடல்விசிறியும் மட்டும் வேண்டாம். அவை வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வீட்டில் வைத்திருந்தாலே குற்றம்.

எதை வாங்கினாலும் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஒட்டிப் போட்ட அலமாரியின் முதுகில்தான் முதல் மழையிலேயே பூஞ்சை படரும்.