ஹைட்டி வூடூவும் கத்தோலிக்கப் புனிதர்களும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரீபியன் நாடான ஹைட்டியில், ஆப்பிரிக்க அடிமைகள் வழிவந்த வூடூ மதத்தின் பீடத்தில் மாதா படம் ஏன் இருக்கிறது என்று கேட்டால், உடனே வருகிற பதில் ஒன்று உண்டு: "அடிமைகள் எஜமானர்களை ஏமாற்ற, தங்கள் தெய்வங்களைப் புனிதர் படங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள்." இது முழுப் பொய் இல்லை. பதினான்காம் லூயியின் 1685-ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைகளுக்கு ஞானஸ்நானத்தைக் கட்டாயமாக்கியது, வேறு வழிபாட்டைத் தடை செய்தது. ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வதுதான் பெரிய தவறு. காங்கோ நாட்டு அரசர் 1491-லேயே ஞானஸ்நானம் பெற்றவர். அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட பலருக்கு மாதாவும் சிலுவையும் ஏற்கெனவே பழக்கமானவை. 1804-ல் ஹைட்டி பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது, எஜமானர்கள் போனார்கள். படங்கள் போகவில்லை. வெறும் முகமூடியாக இருந்திருந்தால் அன்றே கழற்றியிருப்பார்களே!

அடுத்த தவறு, வூடூ ஆவிக்கும் புனிதருக்கும் உள்ள பொருத்தத்தைப் புனிதரின் வாழ்க்கை வரலாற்றில் தேடுவது. அங்கே போனால் ஒன்றும் கிடைக்காது. படத்தைப் பாருங்கள். புனித பாட்ரிக் அயர்லாந்தின் பாம்புகளை விரட்டியவர் என்பது ஐரோப்பிய மரபு. அச்சுப் படத்தில் அவர் காலடியில் பாம்புகள் நெளிகின்றன, அதனால் அவர் பாம்பு வடிவான ஆவி தம்பாலா. சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) வாளோடு குதிரைமேல் வருகிறார், ஆகவே இரும்புக்கும் போருக்கும் உரிய ஓகூ. போலந்தின் செஸ்டகோவா மாதாவுக்குக் கருத்த முகம், கன்னத்தில் இரண்டு வெட்டுத் தழும்பு, கையில் குழந்தை. பிள்ளைக்காகப் போராடும் தாயான எசிலி டாந்தோரை ஹைட்டிப் பெண்கள் அந்த முகத்தில் கண்டுகொண்டார்கள். 1802-ல் நெப்போலியன் அனுப்பிய படையில் இருந்த போலந்து வீரர்கள் வழியாக அந்தப் படம் வந்திருக்கலாம் என்பார்கள்.

இதையெல்லாம் அட்டவணையாகப் போட்டு 'இவர் = அவர்' என்று முடித்துவிடவும் கூடாது. வழி திறக்கும் லெக்பாவுக்குச் சாவி வைத்திருக்கும் பேதுரு படமும் உண்டு, ஊன்றுகோல் பிடித்த லாசரு படமும் உண்டு. வூடூவைப் போலவே ஆப்பிரிக்க வேர் கொண்ட கியூபாவின் சான்டெரியா மதத்தில் அதே பேதுரு இரும்புத் தெய்வமான ஓகுனுக்கு உரியவர். அதனால் எந்த நாட்டு வழக்கம் என்று சொல்லாமல் எழுதினால் எல்லாம் குழம்பிவிடும்.

தம்பாலா, ஓகூ போன்றவர்கள் 'லோவா' எனப்படும் ஆவிகள். அவர்களுக்கு மேலே, எல்லாவற்றையும் படைத்த ஒரே கடவுள் போந்தியே இருக்கிறார். பல சடங்குகள் கத்தோலிக்க செபங்களோடுதான் தொடங்கும். ஊசி குத்திய 'வூடூ பொம்மை'? அது பெரும்பாலும் சினிமா தந்தது, விட்டுவிடுங்கள்.

"அவர்கள் கத்தோலிக்கரா, வூடூவா?" என்ற கேள்வியும் அங்கே சரியாகப் பொருந்தாது. ஜூலை 16, கார்மேல் மாதா திருநாளன்று சோதோ ஊரில் திரளும் கூட்டத்தில் பலர் கோயிலிலும் செபிப்பார்கள், அருவியில் இறங்கி லோவாக்களையும் வேண்டுவார்கள். அதற்காக இரண்டும் சண்டையில்லாமல் கலந்துவிட்டன என்றும் எழுதிவிடாதீர்கள். 1941-42-ல் திருச்சபை நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தில் வூடூ கோயில்கள் இடிக்கப்பட்டன, மேளங்கள் எரிக்கப்பட்டன. அதே சமயம், இன்றும் அது தலைமறைவு வழிபாடு என்பதும் தவறு. 2003-ல் ஹைட்டி அரசு வூடூவை மதமாக அங்கீகரித்தது. அதன் பூசாரிகள் திருமணம் நடத்திவைத்தாலும் சட்டப்படி செல்லும் என்றானது.