கந்தப்பளை வீட்டு ஹீட்டரைக் கொழும்பிலிருந்து போடுவது எப்படி? லைன் போன் வேண்டாம், ஒரு சிம் போதும்

எங்கள் குடும்ப வீடு ஒன்று நுவரெலியாவைத் தாண்டி, கந்தப்பளைப் பக்கம் இருக்கிறது. நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவோம். அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன் என்று நாள் முழுக்க வாகனத்தில் குலுங்கி, இருட்டியபின் கதவைத் திறந்தால் சுவரே குளிரை மூச்சு விடும். போர்வையைத் தொட்டால் நனைத்து வைத்தது போல இருக்கும். தை, மாசியில் அங்கே விடியற்காலைப் புல்லில் உறைபனி பிடிக்கிற நாட்களும் உண்டு. அம்மம்மா முதல் இரவு முழுக்க சால்வையோடு கதிரையிலேயே இருந்துவிடுவார்.

அந்த வீட்டில் லைன் போன் இல்லை, வைஃபை இல்லை. கரண்ட் இருக்கிறது, கைப்பேசி சிக்னல் ஓரளவு இருக்கிறது. இந்த இரண்டும் இருந்தால் வழியிலேயே ஹீட்டரைப் போட்டுவிடலாம். மின்வேலை தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன். ஆனால் வயரைத் தொடுகிற பகுதியை உரிமம் உள்ள எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அவரிடம் சரியாகச் சொல்லிச் செய்விக்கலாம், அவ்வளவுதான்.

1. முதலில் சிக்னலைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்

ஹீட்டரைப் போட்டு அணைக்கப்போகிற சிம் பெட்டியைப் பொருத்தப்போகும் அதே இடத்தில், கதவை மூடிக்கொண்டு, உங்கள் கைப்பேசியிலிருந்து ஐந்தாறு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். முற்றத்தில் நின்று பார்த்தால் கணக்கில் வராது. மலைப்பக்கம் ஒரு மேடு மறைத்தாலே கதை மாறும். டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று கிடைக்கிற சிம் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் கொழும்பில் நாங்கள் பாவிக்கிற சிம் படுக்கையறையில் செத்துப்போனது, வீட்டைப் பார்த்துக்கொள்கிற வாட்சர் அண்ணனுடைய சிம் உயிரோடு இருந்தது. ஊர்க்காரர் எதைப் பாவிக்கிறாரோ அதையே வாங்குங்கள்.

2. எஸ்.எம்.எஸ். பெட்டியா, வைஃபை பிளக்கா?

இரண்டு வழி உண்டு. ஒன்று, சிம் போடும் 4ஜி ரூட்டர் ஒன்றை அங்கே வைத்து, அதோடு வைஃபை ஸ்மார்ட் சுவிட்சை இணைப்பது. கைப்பேசிச் செயலியில் ஒரு தட்டு, வேலை முடிந்தது. ஸ்மார்ட் சுவிட்ச் தானே வெளியே போய் நிறுவனத்தின் சேர்வரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் மாறாத இணைய எண் (நிலையான ஐபி முகவரி) எதுவும் தேவைப்படாது. ஆனால் டேட்டா தீர்ந்தால், ரூட்டர் சிக்கிக்கொண்டால், கரண்ட் போய் வந்தபின் இரண்டும் ஒன்றையொன்று தேடிப் பிடிக்காவிட்டால், கொழும்பில் இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மற்றது, சிம் போடும் எஸ்.எம்.எஸ். ரிலே பெட்டி. எஸ்.எம்.எஸ். வந்ததும் உள்ளே இருக்கிற சின்ன மின்சுவிட்சை (அதுதான் ரிலே) தானே போடும், அணைக்கும். பார்க்க அழகில்லை. ஆனால் டேட்டா ஓடாத அளவு மெலிந்த சிக்னலிலும் எஸ்.எம்.எஸ். போய்ச் சேரும். நான் இதைத்தான் சொல்வேன். வாங்கும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: 4ஜியில் வேலை செய்ய வேண்டும் (பல நாடுகளில் 2ஜியையும் 3ஜியையும் நிறுத்திக்கொண்டு வருகிறார்கள்), வெப்பநிலை சென்சர் பொருத்த வசதி இருக்க வேண்டும், ரிலே இரண்டு இருந்தால் நல்லது, அன்டெனா வயரோடு தனியாக இருக்க வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் விசாரித்துப் பாருங்கள். சென்சர் இல்லாத பெட்டி மலிவாக இருக்கும். அதை வாங்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

3. ஹீட்டருக்குக் காது இருக்கிறதா?

நான் சறுக்கிய இடம் இது. முதலில் வாங்கியது டிஜிட்டல் திரை வைத்த, தொட்டால் பீப் என்று சத்தம் போடுகிற ஹீட்டர். ஹட்டனில் தேநீருக்கு நிறுத்தி எஸ்.எம்.எஸ். அனுப்பினேன். 'ரிலே ஓன்' என்று உடனே பதில் வந்தது. ஏதோ ரொக்கெட் விட்டவன் மாதிரி எல்லோருக்கும் காட்டினேன். போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தால் அதே குளிர். ஹீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் வந்தது, ஆனால் யாராவது வந்து பட்டனை அழுத்தட்டும் என்று அது காத்துக்கொண்டிருந்தது. அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை, சால்வையை எடுத்துக்கொண்டு கதிரைக்குப் போனார்.

ஆகவே கைப்பிடி திருகுகிற, பழைய மாதிரி ஹீட்டராகப் பாருங்கள். கடையிலேயே சோதிக்கலாம். திருகி வைத்துவிட்டு பிளக்கைக் கழற்றி மறுபடி சொருகுங்கள். தானாகச் சூடேறினால் சரி. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை நல்லது, சூடு போதுமானதும் தானே அணைக்கிற தெர்மோஸ்டட் அதற்குள்ளேயே இருக்கும். கம்பி சிவக்கிற ஹீட்டரையும் காற்று ஊதுகிற ஹீட்டரையும் ஆள் இல்லாத வீட்டில் தூரத்திலிருந்து போடவே போடாதீர்கள். திரைச்சீலை ஒன்று காற்றில் ஆடி மேலே விழுந்தால் போதும்.

4. நடுவில் ஒரு கொன்டாக்டர்

பஸ்ஸில் டிக்கட் கிழிக்கிறவர் இல்லை. பெரிய கரண்டைத் தாங்குகிற மின்சுவிட்ச் அது. 2,000 வாட் ஹீட்டர் நமது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். எஸ்.எம்.எஸ். பெட்டிக்குள் இருக்கிற ரிலே விரல்நகம் அளவு. அதன் மேலே 10 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தாலும் மணிக்கணக்கில் அந்தப் பாரத்தைக் கொடுத்தால் உள்ளே முனைகள் ஒட்டிப்போகலாம். ஒட்டினால் அணைக்க முடியாது. போட முடியாமல் இருப்பதைவிட இது ஆபத்து.

அதனால் சின்ன ரிலே கொன்டாக்டரை இயக்கும், கொன்டாக்டர் ஹீட்டரை இயக்கும். 25 ஆம்பியர், 230 வோல்ட் கொயில் (கொன்டாக்டரை இழுத்து மூடுகிற கம்பிச்சுருள்) உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். எலெக்ட்ரீசியனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பிரேக்கரோடு தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், அந்த லைன் கொன்டாக்டர் வழியாகப் போக வேண்டும். ரிலேயின் 'கொமன்', 'நோர்மலி ஓப்பன்' முனைகள் வழியாகக் கொயிலுக்கு கரண்ட் போக வேண்டும். 'நோர்மலி குளோஸ்' முனையில் மாறிக் கொடுத்தால் பெட்டி பழுதாகும்போதெல்லாம் ஹீட்டர் தானாக ஓடத் தொடங்கும். குளிக்கத் தண்ணீர் சூடாக்குகிற கீசரையும் போடுவதாக இருந்தால் அதற்கு இன்னொரு லைன், இன்னொரு கொன்டாக்டர். கீசரின் சொந்தத் தெர்மோஸ்டட்டையும் பிரஷர் வால்வையும் யாரும் தொடக் கூடாது.

பழைய வீட்டில் டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பட்டனை அழுத்திப் பாருங்கள். பிளக் பேஸையும் பாருங்கள். ஹீட்டரை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் பின்களுக்குக் கிட்ட கையைக் கொண்டுபோங்கள். கொதித்தால் பேஸ் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது.

பெட்டி இரும்பு அலுமாரிக்குள் இருந்தால் அன்டெனாவை வெளியே இழுத்து ஜன்னல் ஓரம் ஒட்டுங்கள். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற அடப்டர் வலுக் குறைந்ததாக இருந்தால் எஸ்.எம்.எஸ். அனுப்புகிற நேரம் பார்த்துப் பெட்டி அணைந்து எழும்பும். என்னுடையதற்கு 12 வோல்ட், 2 ஆம்பியர் அடப்டர் போட்டபின்தான் அடங்கியது.

5. சிம்மைப் பழக்குதல்

சிம்மை முதலில் சாதாரணக் கைப்பேசியில் போட்டு, அதன் இரகசிய எண் (PIN) பூட்டை எடுத்துவிடுங்கள். பூட்டோடு போட்டால் பெட்டி வாயே திறக்காது. ரீலோட் போட்டு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். பெட்டிக்கு மாற்றியதும் முதல் வேலை, தொழிற்சாலை கொடுத்த கடவுச்சொல்லை மாற்றுவது. பெரும்பாலும் அது 1234ஆக இருக்கும். அடுத்தது, உங்கள் எண்ணையும் வீட்டில் இன்னொருவர் எண்ணையும் மட்டும் அனுமதிப்பது. கட்டளைகள் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும், கையேட்டில் பார்த்து கைப்பேசியில் வரைவாகச் சேமித்துக்கொள்ளுங்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு தேட முடியாது.

பிறகு இரண்டு அமைப்பு. கரண்ட் போய் வந்தால் ரிலே அணைந்த நிலையிலேயே இருக்கட்டும். போட்டால் நான்கு மணித்தியாலத்தில் தானே அணையட்டும். பயணம் நடுவில் நின்று, அணைக்க மறந்தால் 2,000 வாட் ஹீட்டர் இரண்டு நாளில் 96 யூனிட் வரை குடித்துவிடும். நமது படிமுறைக் கட்டணத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி அந்தச் சென்சர். 'ஓன்' என்ற பதிலுக்கு ரிலே மூடியது என்று மட்டும்தான் அர்த்தம். பிரேக்கர் விழுந்திருக்கலாம், யாராவது பிளக்கைக் கழற்றியிருக்கலாம், என்னைப் போல ஹீட்டரே தூங்கலாம். சென்சரைக் கட்டில் உயரத்தில், ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். போட்டு அரை மணித்தியாலம் கழித்து வெப்பநிலை கேளுங்கள். 13 பாகை 15 ஆகியிருந்தால் நம்பலாம். அசையாமல் நின்றால் வாட்சருக்கு அழைப்பு.

6. எங்கே வைத்துப் போடுவது?

50 லீட்டர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 60க்குக் கொண்டுவர ஏறக்குறைய 2.6 யூனிட் தேவை. 2,000 வாட் கீசருக்கு அது ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம். அறைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். எங்களுக்கு ஹட்டன் தேநீர்க்கடை சரியாக இருக்கிறது, அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கிட்டப் பிடிக்கும். தலவாக்கலையில் ஞாபகம் வந்தால் பிந்திவிட்டது. முழு வீட்டையும் சூடாக்க நினைக்காதீர்கள். ஒரு படுக்கையறை, கதவும் திரைச்சீலையும் மூடியபடி.

லண்டன், டொரொன்டோ உறவினர் யாராவது இதை வாசித்தால்: உங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும், ஆகவே குளிர்காலத்தில் ஹீட்டிங்கை முழுதாக அணைத்துவிட்டு, தேவைப்படும்போது எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்று இருக்காதீர்கள். குறைந்த வெப்பத்தில் ஓடவிடுங்கள்.

மாதம் ஒருமுறை, போகாவிட்டாலும், வெப்பநிலை கேட்டு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். பாவிக்காத ப்ரீபெய்ட் சிம்மை நிறுவனம் துண்டித்துவிடும். அதோடு, பதில் வந்தால் சிம்மில் ரீலோட் மிச்சம் இருக்கிறது என்றும் தெரியும். கடைசியாக, வீட்டைப் பார்ப்பவரிடம் எல்லாவற்றையும் சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை. ஒரு நாள் வாட்சர் அண்ணன் பதறிப்போய்க் கோல் எடுத்தார். "ஐயா, பூட்டுன ரூமுக்குள்ள டக்குனு சத்தம் கேக்குது, யாரோ இருக்காங்க போல!" அது கொன்டாக்டர் மூடிய சத்தம். இப்போது பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம்: 'தானாகப் போடும், தானாக அணையும். புகை வந்தால் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கோல் எடுக்கவும்.'