மயக்கவியலில் அல்ட்ராசவுண்ட்: கற்றுத்தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்பை மரத்துப்போகச் செய்யவோ சிரையில் குழாய் செருகவோ, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்துகிறோம். ஊசி முனை திரையில் தெரியாதபோதும் ஊசியைத் தள்ளுவது. ஊசி மேல் கவனம் போனதும் ப்ரோப் (தோலின் மேல் வைக்கும் ஒலியலைக் கருவி) பிடித்த கை தன்னையறியாமல் நகர்ந்துவிடுவது. புதிதாகப் பழகும் மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பக் காண்பது இந்த இரண்டும்தான். கையின் தவறாகத் தெரிந்தாலும், பெரும்பாலும் கற்றுத்தந்த விதத்தில்தான் இது தொடங்குகிறது.

சீனியர் டெப்த் (திரையில் தெரியும் ஆழம்), கெயின் (படத்தின் பிரகாசம்), ப்ரீசெட் (முன்னமைவு) எல்லாவற்றையும் சரிசெய்து ப்ரோபை நீட்டுகிறார். படம் அருமையாக வருகிறது. ஆனால் இரவுப் பணியில் தனியாக நிற்கும்போது திரை மங்கினால் எந்தப் பொத்தானைத் தொடுவது என்று பயிற்சி மருத்துவருக்குத் தெரிவதில்லை. வகுப்புக்கு முன் டெப்த்தை வேண்டுமென்றே 8 செ.மீ.க்கு ஏற்றி, கெயினைக் குறைத்து, இட வலக் குறியையும் திருப்பி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். தேடப்படும் நரம்பு திரையின் நடுவே வரும் வரை அவர்களே சரிசெய்யட்டும். முதல் பாடத்துக்கு மணிக்கட்டின் மீடியன் நரம்பு போதும். முழங்கை நோக்கி ப்ரோபை மெல்ல ஏற்றினால் சுற்றியிருக்கும் தசைநாண்கள் தசைகளாக மாறும். நரம்பு மட்டும் நரம்பாகவே தொடரும். நிலைப்படங்களை மட்டும் காட்டினால் இது பிடிபடாது.

“கொஞ்சம் அந்தப் பக்கம்… இன்னும் கொஞ்சம்…” இப்படிச் சொல்லிக்கொடுத்தால் எந்தக் கையை, எப்படி அசைப்பது என்றே புரியாது. நகர்த்து, சாய், சுழற்று, அழுத்து என்ற நான்கு சொற்களை முடிவு செய்துகொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யச் சொல்லுங்கள். சாய்ப்பதன் பலனைக் கட்டாயம் காட்டவேண்டும்: ஒலியலை செங்குத்தாக விழும்போதுதான் நரம்பு பளிச்சென்று தெரியும், சில டிகிரி சாய்ந்தாலே மங்கிவிடும். அழுத்துவதற்கு ஆபத்தான பக்கம் ஒன்று உண்டு. பலமாக அழுத்தினால் சிரைகள் நசுங்கி மறைந்துபோகும், ஊசிப் பாதையில் அவை இருப்பதே தெரியாது. குத்துவதற்கு முன் அழுத்தத்தைத் தளர்த்தி, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

ஒலிக்கற்றையின் தடிமன் ஏறக்குறைய 1 மி.மீ.; 22 கேஜ் ஊசியின் தடிமன் 0.7 மி.மீ. இரண்டும் ஒரே தளத்தில் இருந்தால்தான் இன்-பிளேன் முறையில் (ஊசியை ஒலிக்கற்றையின் தளத்திலேயே செலுத்துவது) ஊசி முழுதாகத் தெரியும். ஊசி மறைந்தால் முதல் வேலை அதை நிறுத்துவது. பிறகு கண்ணைத் திரையிலிருந்து எடுத்துக் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசியும் ப்ரோபும் கோணலாக இருப்பது அங்கேயே தெரிந்துவிடும். ப்ரோபை நகர்த்தியோ சுழற்றியோ முனையைக் கண்டுபிடிக்கும் வரை ஊசி அசையக்கூடாது. திரையும் நோயாளியும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் கையும் திரும்பும்.

ஊசியை ப்ரோபின் விளிம்பை ஒட்டியே குத்தப் பழக்குவது இன்னொரு தவறு. 38 மி.மீ. அகலமுள்ள ப்ரோபின் நடுவே 2 செ.மீ. ஆழத்தில் இலக்கு இருந்தால், விளிம்பிலிருந்து போகும் ஊசி சுமார் 46 டிகிரி சரிவில் இறங்கும். எதிரொலி வேறு பக்கம் போய்விடும், ஊசி மங்கலாகத் தெரியும். விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளிக் குத்தினால் சரிவு சுமார் 27 டிகிரிக்குக் குறையும். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஊசி ஒலிக்கற்றையைக் குறுக்காகக் கடக்கும் அவுட்-ஆஃப்-பிளேன் முறையில் தெரியும் வெள்ளைப் புள்ளி முனையாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. தண்டின் எந்தப் பகுதியாகவும் இருக்கலாம். கழுத்துச் சிரையில் குழாய் செருகும்போது அதன் பின்சுவரைத் துளைப்பது இப்படித்தான் நடக்கிறது, அருகிலேயே கரோட்டிட் தமனியும் இருக்கிறது. ப்ரோபைச் சற்று முன்னே நகர்த்திப் புள்ளி மறைகிறதா என்று பார்த்து, மீண்டும் புள்ளி தோன்றும் வரை மட்டும் ஊசியைத் தள்ளும் மாற்று நடையைப் பழக்குங்கள். துளையை அகலமாக்கும் டைலேட்டர் ஏறும் முன், அதற்கு வழிகாட்டும் கம்பியான கைடுவயர் சிரைக்குள்தான் இருக்கிறது என்று குறுக்காகவும் நெடுக்காகவும் பார்த்தாகவேண்டும்.

குத்திப் பழகுவதற்கான ஜெலட்டின் மாதிரியில் ஊசி உண்மைத் திசுவைவிடப் பிரகாசமாகத் தெரியும். பழைய ஊசித் தடங்களில் காற்று தங்கிப் பொய்க்கோடுகளும் வரும். இரண்டு கைகளும் இணைந்து இயங்கப் பழக அது போதும். ஆனால் அதில் தேறியவர் நோயாளிக்குத் தயாராகிவிட்டார் என்று எண்ணுவது தவறு.

மருந்து செலுத்தும்போது முதலில் 1 மி.லி. மட்டும் விட்டுத் திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கருமையாகப் பரவுவது தெரியவில்லையென்றால் அங்கேயே நிறுத்தவேண்டும்: முனை வேறெங்கோ இருக்கிறது, அல்லது ரத்தக்குழாய்க்குள் இருக்கிறது. சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் அதன் நிழல் பிறகு வரும் படத்தையெல்லாம் மறைத்துவிடும்.

பயிற்சி மருத்துவர் தடுமாறியதும் ப்ரோபைப் பிடுங்கிக்கொள்ள நம் கை துறுதுறுக்கும். நோயாளிக்கு ஆபத்தோ வலியோ இல்லாதவரை, ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு நிமிடமாவது பொறுங்கள். “இப்போது முனை எங்கே?” என்று மட்டும் கேளுங்கள்.

மதிப்பீட்டில் எத்தனை பிளாக் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) போட்டார் என்ற எண்ணிக்கை அதிகம் சொல்லாது. நோயாளியின் ஒப்புதலோடு அடையாளம் நீக்கித் திரைக்காட்சியைப் பதிவு செய்து, முனை தெரியாமல் ஊசி எத்தனை முறை முன்னேறியது என்று இருவரும் சேர்ந்து எண்ணுங்கள்.