கொள்ளுத்தாத்தா போட்ட தண்டவாளத்துக்குக் கணக்குப் பார்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் கரும்புத் தோட்டத்துக்கு வந்த கதையைத்தான் சொல்வார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா வந்தது ரயில்பாதை வேலைக்கு. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், அந்த ரயிலுக்கு அவரும் இந்த மண்ணும் என்ன விலை கொடுத்தார்கள் என்று நீங்களே கணக்கெடுக்கலாம்.

முதலில் கப்பல் பட்டியல். 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்த ஒன்றரை லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பதிவு அது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தில் கேளுங்கள். வீட்டிலிருக்கும் பழைய சான்றிதழ்களில் கொலோனியல் நம்பர் (ஒவ்வொரு தொழிலாளிக்கும் பதிவில் கொடுத்த எண்) கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள்: வாண்டிவாஷ் என்றால் வந்தவாசி, சிங்கிள்புட் என்றால் செங்கல்பட்டு. எங்கள் ஆளுக்கு நேரே 'இடது முழங்காலில் தழும்பு' என்று எழுதியிருக்கிறது. ஃபோட்டோ இல்லாத குடும்பத்துக்கு இதுவே பெரிசு. முதலாளி என்ற இடத்தில் நேட்டால் கவர்ன்மென்ட் ரயில்வேஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் சம்பளம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும், 5 வருஷ ஒப்பந்தம். ரேஷனும் தங்க இடமும் கொடுத்தார்களே என்பார்கள் சிலர். கொடுத்தார்கள்தான். பாஸ் இல்லாமல் வேலையிடத்தை விட்டு நகர்ந்தால் பிடித்து உள்ளே போடவும் செய்தார்கள்.

பக்கத்தில் 1895 என்று எழுதிக்கொள்ளுங்கள். டர்பன் பாதை ஜோஹன்னஸ்பர்க் தங்கவயலைத் தொட்டது அந்த வருஷம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு கட்ட வேண்டும் என்று நேட்டால் அரசு சட்டம் போட்டதும் அதே வருஷம்தான். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், முதல் வருஷச் சம்பளத்தில் ஆறு மாதம்! மனைவிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். சட்டத்துக்குப் பிறகு வந்தவர்களுக்குத்தான் இந்த வரி, அதனால் கப்பல் தேதியைப் பார்த்துவிட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல்தான் வரி ஒழிந்தது.

மண்ணின் கணக்குக்கு வெளியே கிளம்பத்தான் வேண்டும். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் பாதை 1880இல் முடிந்தது. செலவை மிச்சம் பிடிக்க, மலைகளைச் சுற்றிச் சுற்றியே ஏறினார்கள். போத்தாஸ் ஹில், இன்சாங்கா பக்கம் அந்த வளைவுகளை இன்றும் பார்க்கலாம். மலைக்கு அதிகச் சேதமில்லையே என்று அங்கேயே முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னும் மேலே, நேட்டாலின் உள்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் போய் வாட்டில் மரங்களைப் பாருங்கள். 1864இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பட்டை தோல் பதனிட, கட்டை சுரங்கத்தில் முட்டுக்கொடுக்க. ரயில் இல்லாமல் இந்த வியாபாரம் இவ்வளவு வளர்ந்திருக்காது. புல்வெளிகள் தோப்பாகின. இப்போது மரம் ஓடைக்கரைகளில் தானாகப் பரவித் தண்ணீரை உறிஞ்சுகிறது. 1995இலிருந்து அரசே கூலி கொடுத்து இப்படிப்பட்ட அந்நிய மரங்களை வெட்டச் சொல்கிறது. அந்தச் செலவில் ஒரு பங்கை ரயில் கணக்கில் எழுதுவதுதான் நியாயம் என்பேன்.

புல்வெளியில் மாடு மேய்த்த ஜூலுக் குடும்பங்களுக்கும் தாளில் இடம் விடுங்கள். அவர்களுக்குக் கப்பல் பட்டியல் கிடையாது. பாதையோர ஊர்ப் பெரியவர்களிடம் ஜூலு தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். எந்த மேய்ச்சல் நிலம் எப்போது கைவிட்டுப் போனது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.