முதலில் குறுக்கு, அப்புறம் நெடுக்கு: கேரவன் ட்ரெய்லரை மட்டமாக நிறுத்த

நான் கொத்து வேலையிலிருந்து வந்தவன். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீடு மாதிரியான கேரவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும் முதலில் கையில் எடுப்பது குமிழி ஓடும் ரசமட்டத்தைத்தான். செல்போனிலும் மட்டம் பார்க்கலாம் என்கிறார்கள். முதுகில் கேமரா துருத்திக்கொண்டிருக்கிற போனைத் தரையில் வைத்து என்ன மட்டம் பார்ப்பது? இரண்டடி ரசமட்டம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் மதுரைப் பக்கம் மண்ணைப் பார்த்துத்தான் இடம் பிடிக்க வேண்டும். நத்தம் பக்கத்து மாந்தோப்புச் செம்மண் காய்ந்திருந்தால் கல் மாதிரி தாங்கும். திருமங்கலம், உசிலம்பட்டிக் கரிசல் அப்படியில்லை. ஐப்பசி மழை ஒன்று விழுந்தால் போதும், ராத்திரி மட்டமாக நின்ற கேரவன் விடியும்போது ஒரு பக்கம் இறங்கியிருக்கும். கண்மாய் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதி, பார்க்கச் சமமாகத் தெரியும். ஆனால் தண்ணீர் மடைக்கு வர வேண்டுமே, தரை கரையை நோக்கிச் சரிந்துதான் இருக்கும். மேலே வண்டல் வேறு. அங்கே வேண்டாம்.

இடம் முடிவானதும் இழுத்து வந்த வண்டியை ட்ரெய்லரிலிருந்து கழற்றிவிடாதீர்கள். இடம் வலம் சரிசெய்ய ட்ரெய்லரை நகர்த்தியாக வேண்டும். கழற்றிவிட்டால் எதை வைத்து நகர்த்துவது?

உள்ளே தரையில், சக்கரங்களுக்கு நேராக, ரசமட்டத்தைக் குறுக்காக வையுங்கள். குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது மேடு. எதிர்முனைக்கு அடியில் பத்து ரூபாய்க் காசுகளை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். குமிழி நடுக்கோட்டுக்குள் வந்து நின்றதும் காசு அடுக்கின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அரை இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையில் ஆறடி என்றால், அது ரசமட்டத்தைப் போல மூன்று மடங்கு; ஆகவே பள்ளத்துப் பக்கச் சக்கரத்தை ஒன்றரை இஞ்ச் ஏற்ற வேண்டும். குத்துமதிப்பாக ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிற வேலை இதில் இல்லை.

ஏற்றுவதற்கு, கான்கிரீட் போடும்போது அடியில் கொடுக்கிற சென்ட்ரிங் பலகை பழையது நல்லது. செங்கல் நொறுங்கும், ஹாலோ பிளாக் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். டயரின் முழு அகலமும் பலகைமேல் உட்கார வேண்டும், ஓரம் தொங்கக் கூடாது. இரண்டு பலகை அடுக்கினால் கீழே நீளமானது, மேலே குட்டையானது. இரட்டை அச்சு ட்ரெய்லரில் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களையுமே ஏற்ற வேண்டும். பலகையைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். "வாங்க மாப்ள, வாங்க, போதும்" என்று சொல்ல வெளியே ஒருவர் நிற்கட்டும். ஒருவர் போதும், நாலு பேர் கத்தினால் காரியம் கெடும்.

மறுபடி குமிழியைப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். அதற்குப் பிறகுதான் வண்டியைக் கழற்றுவது. மாட்டை அவிழ்த்ததும் வண்டிக்கு முன்னால் ஊன்றுகட்டை கொடுப்பதுபோல, ட்ரெய்லரின் மூக்கை முன் ஜாக்கி தாங்கிக்கொள்ளும். கழன்ற உயரத்தை ஜாக்கியில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் திரும்ப மாட்டும்போது சுலபம். ரசமட்டத்தை இப்போது நெடுக்காகத் திருப்பி, குமிழி நடுவுக்கு வரும்வரை ஜாக்கியைச் சுற்றுங்கள். கரிசலில் ஜாக்கிக்கு அடியிலும் பலகை வேண்டும். கடைசியாக, ட்ரெய்லரின் நான்கு மூலையிலும் கீழே இறக்குகிற மூலைக் கால்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான். தரையில் இறுக ஊன்றினால் போதும். அவற்றால் ட்ரெய்லரைத் தூக்கப் பார்த்தால் கால் வளையும், சட்டமும் முறுக்கிக்கொள்ளும்.

கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் உள்ளவர்கள் இதில் சலுகை எடுக்காதீர்கள். அதற்குள் அம்மோனியாக் கரைசல் தன் எடையிலேயே வழிந்து கீழே இறங்குகிறது. சாய்ந்து நின்றால் அது ஓரிடத்தில் தேங்கி, கொதிகலன் அதிகமாகச் சூடாகி, உள்ளே படிகம் கட்டிக் குழாய் அடைத்துவிடும். அப்புறம் குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டியதுதான். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் சாய்ந்த ட்ரெய்லரில் சிங்க் தண்ணீர் ஒழுங்காக வடியாது, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

கிளம்பும்போது முதலில் மூலைக் கால்களைத் தூக்குங்கள், பிறகு வண்டியை மாட்டுங்கள், சக்கரக் கட்டையை எடுப்பது அதற்கும் பின்னால். ட்ரெய்லர் பலகையை விட்டு இறங்கியதும், தரையில் கிடக்கும் பலகையைக் கையால் எடுக்காமல் ஒரு குச்சியால் புரட்டிவிடுங்கள். ராத்திரி அடியில் தேள் ஒண்டியிருக்கும்.